நான்கு நிமிடம்: ஆண்ட்வெர்ப் 1920, ஒரு ரயில்வே கேட்டின் கணக்கு

என் சித்தப்பா ஒருவர் சைக்கிள் ரேஸில் தோற்ற கதையை ஒரு நூறு தடவையாவது கேட்டிருப்பேன். மீட்டர் கேஜ் காலம். கோயில் திருவிழாவுக்கு எங்கள் ஊரிலிருந்து பக்கத்து ஊர் போய்த் திரும்புகிற ரேஸ். முதல் பரிசு எவர்சில்வர் குடம். திரும்பி வரும்போது சித்தப்பாதான் முன்னால். ஊருக்குள் நுழைய ஒரு மைல்கூட இல்லை, கேட் போட்டுவிட்டார்கள். கூட்ஸ் வண்டி. அது ஆடி அசைந்து போய் முடிப்பதற்குள் பின்னால் வந்த இரண்டு பேரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். கேட் திறந்ததும் மூன்று பேரும் ஒன்றாகக் கிளம்பி, சித்தப்பா ஒரு சைக்கிள் நீளத்தில் இரண்டாவது.

"டேய், அன்னைக்கு அந்தக் கேட்டு மட்டும் தொறந்திருந்தா..." என்று ஆரம்பிப்பார். சித்தி உடனே அடுக்களைக்குள் போய்விடுவார். நாங்கள் சின்னப் பையன்கள், சிரிப்போம். கேட் போட்டால் நிற்கத்தானே வேணும், இதில் என்ன கதை இருக்கிறது என்று நினைத்த காலம் அது.

பழைய ஒலிம்பிக் முடிவுப் பட்டியல்களைப் புரட்டுவது எனக்கு ஒரு பழக்கம். பெரிய பெயர்களை விட்டுவிட்டு இரண்டாவது, மூன்றாவது வந்தவர்களைப் பார்த்துக்கொண்டு போவேன். அப்படித்தான் 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கின் சாலை சைக்கிள் போட்டியில் வந்து நின்றேன். தங்கம், ஸ்வீடனின் ஹாரி ஸ்டென்க்விஸ்ட், 4 மணி 40 நிமிடம் 1.8 விநாடி. வெள்ளி, தென்னாப்பிரிக்காவின் ஹென்றி கால்டன்ப்ரூன், 4 மணி 41 நிமிடம் 26.6 விநாடி. வெண்கலம், பிரான்ஸின் ஃபெர்னாண்ட் காண்டலூப், 4 மணி 42 நிமிடம் 54.4 விநாடி. பார்த்தால் சாதாரணப் பட்டியல்தான். ஆனால் முதல் வரிக்கும் இரண்டாவது வரிக்கும் நடுவில் ஒரு ரயில்வே கேட் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்ட அன்று சித்தப்பா ஞாபகம்தான் வந்தது. இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

முதலில் இடத்தையும் காலத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1916 ஒலிம்பிக் பெர்லினில் நடந்திருக்க வேண்டியது. முதல் உலகப் போரால் நடக்கவில்லை. 1918 நவம்பரில் போர் ஓய்ந்தது. அடுத்த ஒலிம்பிக், போரில் மிகவும் அடிபட்ட பெல்ஜியத்துக்கு ஒரு மரியாதையாகக் கொடுக்கப்பட்டது. தோற்ற நாடுகளான ஜெர்மனி, ஆஸ்திரியா, ஹங்கேரி, பல்கேரியா, துருக்கி ஆகியவற்றுக்கு அழைப்பு இல்லை. ஐந்து வளையக் கொடி ஒலிம்பிக்கில் முதல்முதலாக ஏறியதும், வீரர்கள் உறுதிமொழி எடுக்கும் வழக்கம் தொடங்கியதும் இங்கேதான். போர் முடிந்து இரண்டு வருஷம்கூட ஆகாத ஒரு நாடு, கையில் பணம் இல்லாமல், இருப்பதை வைத்து நடத்திய விழா அது.

சைக்கிள் போட்டி 1920 ஆகஸ்டில் நடந்தது. தூரம் 175 கிலோமீட்டர். இப்போது ஒலிம்பிக்கில் நாம் பார்க்கிற சாலைப் போட்டி மாதிரி எல்லோரும் கும்பலாகக் கிளம்பவில்லை. ஒருவர் போனபிறகு கொஞ்சம் இடைவெளி விட்டு அடுத்தவர் கிளம்புவார். ஒவ்வொருவரும் தனியாகக் கடிகாரத்தோடு ஓட்ட வேண்டும். யார் முதலில் வந்து சேர்ந்தார் என்பதற்கு இதில் அர்த்தமே கிடையாது. யாருடைய நேரம் குறைவு என்று கடைசி ஆள் வந்தபிறகு கணக்குப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஆண்ட்வெர்ப் பெரிய துறைமுகம். பெல்ஜியமோ ரயில் பாதை நெருக்கமாக ஓடுகிற நாடு. பந்தயப் பாதை பல இடங்களில் தண்டவாளத்தைக் குறுக்கே கடந்தது. பந்தயத்துக்காக ரயிலை நிறுத்தி வைக்கவில்லை. வண்டி வந்தால் கேட் விழும், ஓட்டுகிறவர் நிற்க வேண்டும். ஏற்பாட்டாளர்கள் செய்த காரியம் இதுதான்: கேட்டுகளில் ஆள் போட்டார்கள். யார் எவ்வளவு நேரம் நின்றார் என்று அவர் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த நேரம் கடைசியில் கழிக்கப்படும்.

ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தக் கணக்கு கேட்டிலிருந்து முடிவுக்கோடு வரைக்கும் வந்து சேர வேண்டுமே!

போட்டி முடிந்ததும் கால்டன்ப்ரூன் வென்றதாக அறிவித்துவிட்டார்கள். தென்னாப்பிரிக்காவுக்கு இது சாதாரண வெற்றி இல்லை. இதற்கு முந்தைய ஒலிம்பிக், 1912 ஸ்டாக்ஹோமில், மேலாரன் ஏரியைச் சுற்றி 320 கிலோமீட்டர் ஓட்டித் தங்கம் வாங்கியவர் ருடால்ஃப் லூயிஸ். அவரும் தென்னாப்பிரிக்கர். ஆக அடுத்தடுத்து இரண்டு ஒலிம்பிக், இரண்டு தங்கம். அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் கேட்டில் இருந்தவரின் கணக்கு வந்தது. ஸ்டென்க்விஸ்ட் ரயில்வே கேட் ஒன்றில் நான்கு நிமிடம் நின்றிருக்கிறார். அந்த நான்கு நிமிடத்தைக் கழித்ததும் ஸ்வீடன்காரர் முதலிடம் போய்விட்டார். கால்டன்ப்ரூன் இரண்டாமிடம். அறிவித்த தங்கம் வெள்ளியாகிவிட்டது.

இதைப் படித்ததும் எனக்குக் கால்டன்ப்ரூன்மேல்தான் பரிதாபம். ஆனால் பரிதாபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 175 கிலோமீட்டரை 4 மணி 40 நிமிடத்தில் முடித்தால் சராசரி வேகம் மணிக்கு 37.5 கிலோமீட்டர். அந்த வேகத்தில் நான்கு நிமிடம் என்பது இரண்டரைக் கிலோமீட்டர். இருவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் 84.8 விநாடி, அதாவது சாலையில் 900 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நான்கு நிமிடத்தைக் கழிக்காமல் விட்டிருந்தால் ஸ்டென்க்விஸ்டின் நேரம் 4 மணி 44 நிமிடத்துக்கு மேல் போயிருக்கும். அப்போது காண்டலூப்கூட அவரைத் தாண்டிவிடுவார். வேகமாக ஓட்டிய மனிதர் கூட்ஸ் வண்டிக்கோ பாசஞ்சருக்கோ வழி விட்டதற்காகத் தங்கம், வெள்ளி இரண்டையுமே இழந்திருப்பார். இது நியாயமா? இல்லைதான்.

சரி, மறுபக்கம் ஒன்றும் இல்லையா? இருக்கிறது. நாலரை மணி நேர ஓட்டத்தின் நடுவில் நான்கு நிமிடம் நிற்பது ஒரு ஓய்வு. மூச்சு அடங்கும், தண்ணீர் குடிக்கலாம், முதுகை நிமிர்த்தலாம். கேட்டில் நிற்காதவருக்கு அந்த ஓய்வு கிடையாது. கடிகாரத்தை மட்டும் நிறுத்திவிட்டு உடம்புக்குக் கிடைத்த லாபத்தை யார் கழிப்பது என்று கால்டன்ப்ரூனின் நண்பர் யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்வது கஷ்டம். ஆனால் நீண்டதூரம் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். நடுவில் நின்றால் தொடை இறுகிப்போகும். திரும்ப அதே தாளத்துக்கு வருவதற்குள் உயிர் போய்விடும். ஓய்வு லாபமா நஷ்டமா என்பது ஆளைப் பொறுத்தது, இடத்தைப் பொறுத்தது. அதை எந்தக் கடிகாரமும் அளக்காது. அளக்க முடிந்ததைக் கழித்தார்கள், அளக்க முடியாததை விட்டுவிட்டார்கள். அதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

எனவே தீர்ப்பு சரி என்றுதான் நான் வந்து சேர்ந்தேன். தப்பு நடந்தது அறிவிப்பில். மேலே மனதில் வைக்கச் சொன்னேனே, இந்த வகைப் போட்டியில் கணக்கு முடியாமல் வெற்றி கிடையாது. கேட்டுக் கணக்கு வருவதற்கு முன்னால் வாயைத் திறந்ததுதான் பிழை. கால்டன்ப்ரூனுக்கு இரண்டாமிடம் துரதிர்ஷ்டம் இல்லை, அது அவருடைய உண்மையான இடம். முதலிடம் என்று சொல்லிவிட்டுப் பிறகு திரும்ப வாங்கியதுதான் துரதிர்ஷ்டம். அதே ஒலிம்பிக்கில் தடகளச் சைக்கிள் குழுப்போட்டியில் வெண்கலமும் வாங்கினார். இரண்டு பதக்கத்தோடு ஊர் திரும்பிய மனிதர்தான். இருந்தாலும் 1912க்குப் பிறகு இன்றுவரை தென்னாப்பிரிக்காவுக்கு ஒலிம்பிக் சாலை சைக்கிளில் தங்கம் இல்லை.

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒரு கேள்வி என்னை விடவில்லை. கேட்டில் நின்ற நேரத்தைக் கழித்தார்கள். பஞ்சர் ஆகி நின்றவருக்கு? செயின் கழன்றவருக்கு? அதையெல்லாம் யாரும் கழிக்கவில்லையே. சாலை என்பது விளையாட்டு மைதானம் இல்லை. அதில் மாடு வரும், வண்டி வரும், ஆணி கிடக்கும். 1912 ஸ்டாக்ஹோமில் விடிகாலை இரண்டு மணிக்கே வீரர்களை அனுப்பத் தொடங்கினார்கள். அதில் ஸ்வீடன் வீரர் ஒருவர் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் மோட்டார் வண்டியில் மாட்டிச் சாலையில் இழுபட்டுப் போனார். அவருக்கு எந்த நிமிடத்தைக் கழிப்பது? எந்தத் துரதிர்ஷ்டத்துக்கு ஈடு உண்டு, எதற்குக் கிடையாது என்பது இயற்கை விதித்தது இல்லை. உட்கார்ந்து பேசி மனிதர்கள் போட்ட கோடு அது.

அந்தக் கோடு எவ்வளவு கொடூரமாக விழலாம் என்பதற்கு யூஜீன் கிறிஸ்டோஃப் கதை போதும். இவர் அமெச்சூர் இல்லை, சம்பளத்துக்கு ஓட்டியவர். 1913 டூர் டி ஃபிரான்ஸில் பிரனீஸ் மலையில் டூர்மலே கணவாயிலிருந்து இறங்கும்போது முன் ஃபோர்க் உடைந்துவிட்டது. அன்றைய விதிப்படி ரிப்பேர் செய்ய யாரும் உதவக்கூடாது. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து சான்ட் மரி த காம்பான் என்ற ஊருக்கு வந்து, அங்கிருந்த கொல்லுப்பட்டறையில் தானே இரும்பைக் காய்ச்சி அடித்து ஒட்டினார். இரண்டு கையும் வேலையாக இருந்ததால் ஒரு சின்னப் பையன் துருத்தி ஊதினான். கூடவே நின்று பார்த்த அதிகாரிகள், பையன் ஊதியது வெளி உதவி என்று சொல்லித் தண்டனை நேரம் போட்டார்கள்! மணிக்கணக்கில் இழந்த மனிதருக்கு மேலே ஒரு அபராதம்.

1919இல் மறுபடியும் அவருக்கே. மஞ்சள் சட்டை அந்த வருஷம்தான் வந்தது, அதை முதலில் போட்டவரும் இவர்தான். கடைசிக்கு முந்தின கட்டத்தில், வெற்றி கைக்கு எட்டிய நேரத்தில், மறுபடி ஃபோர்க் உடைந்தது. மொத்தத்தில் மூன்றாவதாக முடித்தார். 1922இல் மூன்றாம் முறை உடைந்தது. ஆனால் கவனியுங்கள். 1919இல் அவர் தோற்றதும் போட்டியை நடத்திய பத்திரிகையின் வாசகர்கள் வசூல் போட்டு அவருக்கு 13,000 பிராங்குக்கு மேல் கொடுத்தார்கள். அந்தக் கொல்லுப்பட்டறை இருந்த இடத்தில் இன்றும் நினைவுப் பலகை இருக்கிறது. சைக்கிள் சரித்திரம் தெரிந்தவர்களில் 1913இல் யார் ஜெயித்தார் என்று தெரியாதவர்கள் இருக்கலாம் (பெல்ஜியத்தின் ஃபிலிப் தைஸ்), கிறிஸ்டோஃபைத் தெரியாதவர் இருக்க மாட்டார்.

தொழிலாக ஓட்டுகிறவருக்கும் அமெச்சூருக்கும் இங்கேதான் வித்தியாசம் என்று எனக்குத் தோன்றுகிறது. அமெச்சூர் என்றால் சுமாராக ஓட்டுகிறவர் என்று நம்மூரில் ஒரு அர்த்தம் வந்துவிட்டது. ஒலிம்பிக் விதியில் அதற்கு ஒரே அர்த்தம்தான், காசு வாங்காதவர். ஒலிம்பிக் சைக்கிளில் தொழில்முறை வீரர்களை அனுமதித்ததே 1996 அட்லாண்டாவில்தான். தொழில்முறை வீரருக்கு இந்த வாரம் போனால் அடுத்த வாரம் ஒரு ரேஸ் உண்டு, அவருடைய கஷ்டத்தை எழுதிப் பத்திரிகை விற்க ஆள் உண்டு. அமெச்சூருக்கு அந்த ஒரு நாள். அடுத்தது நாலு வருஷம் கழித்து, அப்போது வேலை வெட்டி, கல்யாணம், பிள்ளைகள் எல்லாம் வந்திருக்கும்.

1936 பெர்லின் ஒலிம்பிக்கில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 100 கிலோமீட்டர், இந்த முறை எல்லோரும் ஒன்றாகக் கிளம்பினார்கள். கடைசியில் பிரான்ஸின் இரண்டு பேர், ரோபேர் ஷார்பாந்தியே, கி லபேபி, ஒரே அணிக்காரர்கள், 0.2 விநாடி வித்தியாசத்தில் முதலும் இரண்டும். கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் லபேபி திடீரென்று வேகம் குறைந்தார். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. ஷார்பாந்தியே அவர் சட்டையைப் பின்னாலிருந்து இழுப்பது பின்னர் ஒரு புகைப்படத்தில் தெரிந்தது என்று ஒலிம்பிக் வரலாறு எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். முடிவு மாறவில்லை. ஷார்பாந்தியேவுக்கு அந்த ஒலிம்பிக்கில் மூன்று தங்கம். லபேபி பிறகு தொழில்முறைக்குப் போய் 1948 டூர் டி ஃபிரான்ஸில் மூன்றாவது வந்தார். இங்கே கேட்டும் இல்லை, கேட்டில் கடிகாரத்தோடு ஆளும் இல்லை. பார்த்தது ஒரு கேமரா மட்டும், அதன் சாட்சி வந்தபோது பதக்கம் கொடுத்தாகிவிட்டது.

ரயில்வே கேட் பிரச்சினை 1920ஓடு தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். 2006 பாரிஸ்–ரூபே பந்தயத்தில் முடிவுக்குப் பத்துக் கிலோமீட்டர் அளவில் மூடின கேட்டைத் தாண்டிப் போனதற்காக இரண்டாவது, மூன்றாவது, நான்காவதாக வந்த மூன்று பேரையும் நீக்கினார்கள். 2015இல் அதே பந்தயத்தில் கேட் விழ விழ ஒரு கூட்டமே குனிந்து நுழைந்து போனது. பின்னாலேயே அதிவேக ரயில். யாரையும் நீக்கவில்லை. ஒரே பந்தயம், ஒரே குற்றம், இரண்டு தீர்ப்பு. ஆண்ட்வெர்ப்பில் ஸ்டென்க்விஸ்ட் நின்றார் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றுகிறது. நின்றவருக்கு நேரம் திரும்பக் கிடைக்கும் என்று ஒரு உத்தரவாதம் இருந்தால்தான் நிற்கச் சொல்வதற்கு நமக்கு வாய் இருக்கும்.

சர்வதேச சைக்கிள் சங்கத்தின் விதிப்புத்தகத்தில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. முன்னால் போகிறவர் கூட்டத்தைவிட 30 விநாடிக்கு மேல் முன்னிலையில் இருந்து, கேட்டில் நின்று, கேட் திறப்பதற்குள் மற்றவர்கள் வந்து சேர்ந்துவிட்டால், பந்தயத்தை நிறுத்தி பழைய இடைவெளியோடு மறுபடி விட வேண்டும். 30 விநாடிக்குக் குறைவு என்றால் ஒன்றும் கிடையாது, அது பந்தயத்தில் நடக்கிற சகஜமான விஷயம். ஆக துரதிர்ஷ்டத்துக்கு ஒரு எல்லைக்கோடு: 30 விநாடி.

இதைப் படித்துவிட்டுச் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். எழுபதைத் தாண்டிவிட்டார், காது கொஞ்சம் மந்தம்.

"சித்தப்பா, அந்த ரேஸுல கேட்டுக்கிட்ட வரும்போது பின்னாடி வந்தவங்க எவ்வளவு தூரத்துல இருந்தாங்க?"

"ஏண்டா, குடத்த வாங்கித் தரப் போறியா?"

"சொல்லுங்களேன்."

"திரும்பிப் பாத்தேன். புளியமரத்துக்கிட்ட வந்துட்டு இருந்தானுங்க."

புளியமரம் இப்போது இல்லை. ஆனால் அது நின்ற இடம் எனக்குத் தெரியும். போன தடவை ஊருக்குப் போனபோது நடந்து அளந்தேன், கேட்டிலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர். அந்தக் காலத்துக் கனமான சைக்கிளில் மணிக்கு 30 கிலோமீட்டர் என்று வைத்தால் 36 விநாடி. இன்னும் மெதுவாக வந்தார்கள் என்றால் அதற்கும் மேல். ஆண்டுக்கு ஆண்டு கதையில் அந்த இடைவெளி கொஞ்சம் வளர்ந்திருக்கலாம், மறுக்கவில்லை. 250 மீட்டர் என்று குறைத்தால் சரியாக 30 விநாடியில் வந்து நிற்கிறது, தீர்ப்பு ஊசலாடுகிறது.

ஸ்டென்க்விஸ்டுக்கு இருந்தது, சித்தப்பாவுக்கு இல்லாதது ஒன்றே ஒன்றுதான். கேட்டுக்குப் பக்கத்தில் கையில் கடிகாரத்தோடு ஒரு ஆள். விழாக் கமிட்டியில் யாரையும் குறை சொல்லவில்லை, அன்றைக்கு ஊரில் எத்தனை பேரிடம் கைக்கடிகாரம் இருந்தது? கேட்கீப்பரிடம் ஒன்று இருந்திருக்கும். அவர் ரயிலைப் பார்த்தார்.

கணக்கை போனில் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, "முப்பத்தாறா? இரு இரு, உங்க சித்திகிட்ட போனக் குடுக்கறேன், அவகிட்டயும் இத அப்படியே சொல்லு" என்றார்.